நிறத்தைத் திருத்த வேண்டாம்

சவப்பெட்டியில் வைக்கும்போது மலர்ச்சாலைக்காரர்கள் அக்காவின் முகத்தில் பூசி அனுப்பியிருந்த ரோஸ் பவுடரை ஷாமிளா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உதட்டுச் சாயம் முதல் துடைப்பிலேயே வந்துவிட்டது. கன்னத்தில் இருந்தது லேசில் போகவில்லை. துணியைப் பிழிந்து பிழிந்து ஐந்தாறு தடவை தேய்த்த பிறகுதான் அடியில் இருந்த மஞ்சள் தெரிந்தது. நெற்றி, மூக்கு, காதுமடல் எல்லாம் ஒரே மஞ்சள். பூசிக் குளித்தால் வருகிற மஞ்சள் இல்லை அது.

லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவிலிருந்து உதவிக்கு வந்திருந்த மரியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏன் புள்ள அழிக்கிற? ஆளுங்க வர்ற நேரம். பாக்க நல்லாத்தானே இருந்திச்சு.”

“எப்படிச் செத்தாளோ அப்படியே இருக்கட்டும் மரியம்மாக்கா. வர்றவங்க பாக்கட்டும்.”

வருகிற எல்லோருக்காகவும் அவள் துடைக்கவில்லை. ஒரே ஒரு ஆளுக்காகத் துடைத்தாள். அந்த ஆள் வந்து நின்று பார்த்தாலும் இந்த மஞ்சள் அவருக்குத் தெரியப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்தாள். சுற்றி நிற்கிறவர்களின் முகத்தையாவது அவர் பார்ப்பார் இல்லையா.

அந்த ஆள் ரெஜினோல்ட். தோட்டத்து ரப்பர் பெக்டரிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லோருக்கும் பெக்டரி ஐயா. அரநாயக்கப் பக்கத்து மலையில் அந்தப் பெக்டரி வெள்ளைக் கிரேப் செய்கிறது. ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து, மெல்லிய தாளாகக் காயவைத்தால் கிரேப். அது எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு மதிப்பு. ஜன்னல் வெளிச்சம் விழும் மேசையில் அதை விரித்து, செம்மையோ பச்சையோ ஓடிய இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது பெண்களின் வேலை. அந்த மேசையில் பதினோரு வருடம் முதல் நாற்காலியில் இருந்தவள் கிருஷ்ணகுமாரி அக்கா. பெக்டரி ஐயாவின் கையெழுத்தோடு போன ஒவ்வொரு பெட்டியும் அக்காவின் கண்ணைக் கடந்துதான் போனது.

ஏனென்றால் ஐயாவுக்குக் கண் இருந்தது, நிறம் இல்லை. சிவப்பும் பச்சையும் பழுப்பும் அவருக்கு ஒரே மங்கலான மஞ்சள். ஆட்களின் முகமும் அவருக்கு எப்போதும் அந்த மஞ்சள்தான். கிரேப்பில் வெற்றிலைச் சாறு தெறித்திருந்தாலும் பாசி படிந்திருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். வேலைக்கு வந்த முதல் மாதமே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தங்கையிடம் மட்டும் சொன்னாள். வெளியே தெரிந்தால் மனுசனுக்கு வேலை போய்விடும், பாவம், நீ வாயைத் திறக்காதே என்றாள். ஷாமிளா திறக்கவில்லை. அந்தப் பாவத்துக்குக் கிடைத்த பலன்தான் இப்போது நடுக் காம்பராவில் கிடக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஐயா ஒரு தொலைநோக்கி வாங்கினார். கோள்களைப் படம் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் கம்ப்யூட்டருக்கு மாட்டுகிற சின்ன வெப்கேமைப் பொருத்தி இரண்டு நிமிடம் படமெடுப்பார். வியாழன் வேகமாகச் சுற்றுகிறதாம், இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் கலங்கிவிடுமாம். எடுத்ததில் தெளிவானவற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அதுவரைக்கும் அவர் கெட்டிக்காரர். வெளிச்சம் இருட்டு பார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. நிறத்துக்கு வந்தால்தான் வண்டவாளம். அவர் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்து, சனிக்கோளுக்கு என்ன வாந்தியா என்று கொழும்பு வானியல் சங்கத்தில் யாரோ கேட்டார்களாம். மறுநாளே அக்காவைத் தன் குவாட்டர்ஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

உத்தியோகத்தர் வீட்டுக்கு லயத்துப் பெண் தனியாகப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் அக்கா தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள், ஷாமிளா முக்காலியில் இருப்பாள். கேமராவே தன்பாட்டில் நிறம் போடுவதை நிறுத்த வேண்டும் என்று அக்கா முதல் வாரமே சொல்லிவிட்டாள். கோளின் ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் நீலமாகவும் பிசிறடித்தால் இரண்டு நிறத்தையும் மெல்ல நகர்த்திச் சேர்ப்பாள். பிறகு பெக்டரியில் இருந்து கொண்டுவந்த முதல்தரக் கிரேப் துண்டொன்றைத் திரைக்குப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். வியாழனின் நடுப்பட்டியை அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவருவாள். வெள்ளை சரியாக வந்துவிட்டால் மற்ற நிறங்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்பது அவள் கணக்கு. நிறத்தை அளவுக்கு மேல் ஏற்ற விடமாட்டாள். மிட்டாய்க் கலர் வந்துரும் என்பாள்.

போன வருடம் அவள் நிறம் சேர்த்த சனிக்கோளுக்குக் கொழும்புக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார் ஐயா. அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அக்கா அதன் முன்னால் நின்று, நம்ம பேரு ஒரு ஓரத்துல வந்திருக்கலாமே என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தொலைநோக்கி யாருடையது, கம்ப்யூட்டர் யாருடையது என்று அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் அக்கா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது கொழும்பு ஆட்கள் நடந்துபோய்ப் படிக்கிற இடத்தில் தன் பெயர் தொங்க வேண்டும் என்று சொன்னாள். அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டு ஷாமிளா கேட்டதில்லை.

இந்த மாசி மாதம் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டி மலைக்கு மேலே வானம் திறந்தது. வியாழன் உச்சிக்கு வந்தது. ஐயா நல்ல படம் பிடித்துவிட்டார். அதே வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பெக்டரிக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் உடைந்து தேங்கிய தண்ணீரில் இறங்கித்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஏழாம் நாள் திங்கட்கிழமை அவள் ஐயாவிடம் போய் லீவும் கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போக வேனும் கேட்டாள். கண் இரண்டும் இரத்தச் சிவப்பு, மேல் முழுக்க மஞ்சள். ஷாமிளா பக்கத்தில்தான் நின்றாள். ஐயா அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார். “நீ நல்லாத்தானே இருக்க” என்றார். புதன்கிழமை சரக்குப் பார்க்க ஆள் வருகிறது, இந்தப் பெட்டிகளை முடி, இரண்டு பெனடோல் போடு என்றார். புதன்கிழமை மேசையிலேயே விழுந்தாள். எலிக்காய்ச்சல், சிறுநீர் நின்று இரண்டு நாளாகிவிட்டது என்றார் டாக்டர். இந்தக் கண்ணைப் பார்த்துமா வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அவர் ஷாமிளாவைத்தான் திட்டினார். வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது.

அன்று சனிக்கிழமை. மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. ரெஜினோல்ட் மலர்வளையத்தோடு இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. தப்படிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். அக்காவின் தலைமாட்டில் அவர் கைகட்டி நின்றார். பார்க்க வந்த பெண்களெல்லாம் அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்து வாயில் சேலையை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“தூங்குற மாதிரியே இருக்கா” என்றார்.

பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்திருந்தால் ஷாமிளா என்ன செய்திருப்பாளோ அவளுக்கே தெரியாது.

பிறகு அவர் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். கண்காட்சி நாளைக்கு. வியாழன் படத்துக்கு நிறம் இன்னும் சேரவில்லை. மத்தியானத்துக்குள் கேகாலை ஸ்டூடியோவில் கொடுத்தால்தான் பெரிதாக அடித்து வாங்கலாம். கேட்கக் கூடாத நேரம்தான், ஆனால் அக்கா செய்து தருவதாக இருந்த கடைசிப் படம், அது வீணாகக் கூடாது. அக்கா செய்ததையெல்லாம் நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஒரு மணித்தியாலம் போதும் என்றார்.

பிணம் வீட்டில் கிடக்கிறது. வெட்கமில்லாமல் கேட்கிறார். மரியம்மா காதில் விழுந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். ஷாமிளாவின் வாயிலும் வந்தது. அதற்குள் இன்னொன்று வந்து அதைத் தள்ளிவிட்டது. மூன்று நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இந்த ஆளை என்ன செய்வது, என்ன செய்வது என்று புழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அவரே வந்து தன் கழுத்தைக் கையில் கொடுக்கிறார்.

“இப்பவே வாறேங்க ஐயா” என்றாள். “மரியம்மாக்காவும் வரட்டும்.”

தாய்மாமன் சின்னத்தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. கூடப்பிறந்தவளைப் போட்டுவிட்டு எங்கே கிளம்புகிறாய், ஊர் காறித்துப்பும் என்றார். அக்கா முடிக்காமல் விட்ட வேலை ஒன்று இருக்கிறது மாமா, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வழிவிட்டார். கிளம்பும்போது அக்காவின் உடுப்புப் பெட்டிக்குள் இருந்த கிரேப் துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குவாட்டர்ஸில் மரியம்மா பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஷாமிளா முதல் தடவையாக அக்காவின் நாற்காலியில் இருந்தாள். திரையில் வியாழன் வந்தது. வெளுத்துப்போய், நிறம் ஏறாமல், ஒரு ஓரத்தில் நீலப் பிசிறோடு இருந்தது. பிசிறை நகர்த்திச் சேர்த்தாள். அக்கா சேர்த்த மாதிரியே சேர்த்தாள், அதில் குறை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கிரேப் துண்டை ஜன்னல் பக்கம் பிடித்து நடுப்பட்டியை வெள்ளையாக்கினாள். பட்டிகள் தாமாகவே பழுப்புக்கு வந்தன. கீழே அந்தப் பெரிய புள்ளி, எத்தனையோ வருடமாக அடிக்கிற புயல் என்று ஐயா சொல்வார், இளஞ்சிவப்பில் மெல்லக் கண் திறந்தது. நிறம் சரியாக இருந்தது. அக்கா இருந்தால் இத்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பாள்.

அங்கேதான் ஷாமிளா வேலையை ஆரம்பித்தாள்.

வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரு இம்மி அசைக்கவில்லை. அசைத்தால் அவர் பிடித்துவிடுவார். நிறத்தை மட்டும் திருப்பினாள். பழுப்புப் பட்டிகள் குளத்துப் பாசியாயின. புள்ளி பச்சைக் கொச்சிக்காய் நிறத்துக்கு வந்தது. மிட்டாய்க் கலர் ஆகட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். கொழும்பில் பெரிய மனிதர்கள் முன்னால் இது தொங்கும். சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஏன் பச்சை என்று கேட்பார்கள், அவர் எந்தப் பச்சை என்று விழிப்பார். பதினோரு வருடம் அக்கா மூடி வைத்தது ஒரே நிமிடத்தில் அங்கே திறந்துகொள்ளும். இவள்தான் செய்தாள் என்று அவர் யாரிடமும் முறையிடவும் முடியாது. முறையிட்டால் தனக்கு நிறம் தெரியாது என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். கிரேப் பெக்டரியில் அப்படிச் சொன்ன மனிதனுக்கு அடுத்த நாள் வேலை இராது. ஷாமிளாவின் பெக்டரி வேலையும் சேர்ந்துதான் போகும். போகட்டும். திங்கட்கிழமையை அவள் திங்கட்கிழமை பார்த்துக்கொள்வாள்.

“முடிஞ்சுதுங்க ஐயா.”

ரெஜினோல்ட் வந்து அவள் தோளுக்குப் பின்னால் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அவ செஞ்ச மாதிரியே இருக்கு” என்றார்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். படத்துக்குக் கீழே ஒட்டுகிற அட்டை. சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. முதல் வரியில் வியாழன், 2004 மார்ச். இரண்டாவது வரியில் அவர் பெயர். மூன்றாவது வரியில், நிறம்: எஸ். கிருஷ்ணகுமாரி.

“நேத்து சேதி கேட்டதும் அடிச்சேன். போன தடவையே போட்டிருக்கணும். எழுத்து சரியா பாரு.”

எழுத்துச் சரியாகத்தான் இருந்தது. அவருடைய பெயர் எந்த அளவோ அதே அளவு. ஷாமிளா அதைத் தமிழில் ஒரு தடவை படித்தாள், சிங்களத்தில் ஒரு தடவை படித்தாள். தெரிந்த அளவு இங்கிலீஷிலும் படித்தாள். நாளைக்குக் கொழும்பு ஆட்கள் நடந்து நடந்து இதைப் படிப்பார்கள். பச்சை வியாழனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யார் இந்தக் கிருஷ்ணகுமாரி என்று படிப்பார்கள்.

அவள் சுட்டியின் மேல் விரலை வைத்தாள். பத்து நிமிடம் போதும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய இளஞ்சிவப்புக்குப் போய்விடலாம். அக்கா கேட்டது இந்தப் பெயர்தான். அவள் வாழ்நாளில் கேட்டதே அது ஒன்றுதான்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“திங்கக்கெழம அக்கா வந்து நின்னாளே. அவ கண்ணு எப்படி இருந்திச்சுங்க?”

“கண்ணா? கண்ணுக்கு என்ன?”

“சும்மாதான் கேட்டேங்க.”

பொய் சொல்லவில்லை அவர். முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சிவப்பும் அந்த மஞ்சளும் அவர் கண்ணுக்குள் போகவே இல்லை. ஒரு கணம் ஷாமிளாவுக்கு அவர்மேல் அக்காவுடைய அந்தப் பழைய இரக்கம் வரப்பார்த்தது. வரவிடவில்லை. தனக்கு நிறம் தெரியாது என்று தெரிந்த மனுசன், பக்கத்தில் நின்ற ஷாமிளாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தக் கிரேப் என்ன நிறம் என்று தினம் கேட்டவர். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிற வியாழன் என்ன நிறம் என்று கேட்டவர். எதிரில் நின்ற அக்கா என்ன நிறம் என்று மட்டும் கேட்கவில்லை.

அவள் அட்டையை எடுத்துக்கொண்டாள்.

“அக்கா பேரு வேணாங்க ஐயா. ஒங்க பேரு மட்டும் இருக்கட்டும்.”

“ஏன்? அவ ஆசப்பட்டாளே.”

“செத்தவ பேரு எதுக்குங்க அங்க. இத நான் அவகிட்டயே குடுத்துர்றேன்.”

ரெஜினோல்ட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களெல்லாம் வேறு மாதிரி மனிதர்கள் என்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தன் பெயர் மட்டும் இருக்கிற அட்டையை ஸ்டூடியோவிலேயே அடித்துக்கொள்வதாகவும், திங்கட்கிழமையிலிருந்து அக்கா நாற்காலியில் அவளே இருக்கலாம் என்றும் சொன்னார். சரிங்க என்றாள். சீடியில் படத்தை ஏற்றி உறையில் போட்டாள். ஒரு தடவை ஸ்டூடியோக்காரன் தன்பாட்டில் சனிக்கோளை வெளுக்க வைத்ததிலிருந்து அக்கா ஒவ்வொரு உறையின்மேலும் சிங்களத்தில் ஒரு வரி எழுதுவாள். ஷாமிளாவும் அதே இடத்தில் அதே வரியை எழுதினாள்: நிறத்தைத் திருத்த வேண்டாம்.

மூன்று மணிக்குத் தப்புச் சத்தம் ஏறியது. ரெஜினோல்ட் கேகாலையிலிருந்து நேரத்துக்கே திரும்பிவிட்டார். சட்டையை மாற்றி வெள்ளை உடுத்தியிருந்தார். பெட்டி தூக்குகிறவர்களோடு தானும் ஒரு தோள் கொடுப்பதாகச் சொன்னார். உத்தியோகத்தர் ஒருவர் லயத்துச் சாவுக்குத் தோள் கொடுப்பதை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. பெரிய மனசு என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

சின்னத்தம்பி மாமா ஜீப்பைத் தாண்டி உள்ளே வந்தார். பெட்டி மூடியை எடுத்துக்கொண்டே ஷாமிளாவிடம் கேட்டார்.

“அய்யா ஜீப்புல பெருசா ஒரு படம் கெடக்கே. பச்சப் பசேர்னு. என்னா காய் புள்ள அது?”

“தெரியலீங்க மாமா.”

கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். ஷாமிளா குனிந்தாள். இடுப்பில் இருந்த அட்டையை எடுத்தாள். பெயர் இருந்த பக்கத்தை அக்காவின் நெஞ்சைப் பார்த்துத் திருப்பி வைத்து, அதன்மேல் அவள் வலது கையை எடுத்து வைத்தாள். கை நிற்காமல் வழுக்கியது. கிரேப் துண்டை மடித்து விரல்களுக்கு அடியில் அண்டை கொடுத்தாள். இப்போது நின்றது.

மூடியைக் கொண்டுவந்தார்கள். மலர்வளையத்துக்குப் பக்கத்தில் ரெஜினோல்ட் தலை குனிந்து நின்றார். கதவு வழியாக மூன்று மணி வெயில் நேராகப் பெட்டிக்குள் விழுந்தது. முதல்தரக் கிரேப்பின் அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அக்காவின் கை என்ன மஞ்சள் என்பது நன்றாகத் தெரிந்தது.